ஓட்டோவில் போய் நடப்பது

கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால் எழுதினார்:
எழுபத்தொன்பது கிலோ.
கீழே நீலத்தில்:
தினமும் முப்பது நிமிடம் நடக்கவும்.
எங்கே என்று எழுதவில்லை.

பாலையூற்றில் எங்கள் ஒழுங்கை
படலையிலிருந்து பெரிய வீதிவரை
இருநூற்றுப் பதினாறு காலடி.
நாய்கள் நித்திரையான ஒரு மத்தியானம்
எண்ணிப் பார்த்தேன்.
இடப்பக்கம் மூடியில்லாத கான்,
போன மாரியில் றொசலினின் மகன்
கை முறித்துக்கொண்டது அதில்தான்.
வலப்பக்கம் நீளத்துக்கும் மதில்,
மதிலுக்கு மேல் முட்கம்பி,
உள்ளே என்ன என்று நாங்கள் கேட்பதை விட்டு
கனகாலம்.
மூன்று மின்கம்பம். எரிவது கடைசி ஒன்று.
அதன் கீழே பெடியள்
மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்பார்கள்.
ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.
ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார்கள்.

கந்தோருக்குப் போக ஓட்டோ.
திரும்பி வர ஓட்டோ.
இடையில் எட்டு மணித்தியாலம்
காணி உறுதிகளுக்குப் பிரதி எடுக்கும் கதிரை.
காலை ஆறரைக்குப் பாண்காரன்
பாட்டைப் போட்டுக்கொண்டு படலைக்கே வருகிறான்;
சீனிப் பணிசுக்குக் கையை நீட்டினால் போதும்.
வல்லாரைக்கோ சந்தைக்குப் போகவேண்டும்,
பஸ் நிற்குமிடத்தில் ஒரு மரமும் இல்லை.
‘வாயைக் கட்டு’ என்கிறாள் மச்சாள்.
வாய்க்கொழுப்பு எனக்கு உண்டுதான், ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் இடுப்பில் இருப்பது
ஒழுங்கைக் கொழுப்பு.

உப்புவெளிக் கரையில்
விடியமுன் ஒரு வெள்ளைக்காரி ஓடுவாள்,
ஹோட்டல் காவலாளி அவளுக்கு முன்னே போய்
நாய் கலைப்பான்.
டவுனில் மான்களும் நடக்கின்றன,
பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, ரோல்ஸ் சுற்றிய தாளைத் தின்று
வயிறு ஊதி.
கிடைப்பதைத்தானே தின்னும்.

ஞாயிற்றுக்கிழமைகளில்
நானும் பின்வளவு சஹீலாவும்
டச்சுக்குடாவுக்குப் போவோம்.
போக நானூறு, வர நானூறு.
‘நடக்கப் போறதுக்கு ஓட்டோவா அக்கா?’
யோகானந்தம் சிரிப்பான்.
பதினாலு மணித்தியாலம் ஹாண்டிலைப் பிடித்திருக்கும் அவனுடைய வயிறும்
சேர்ந்து சிரிக்கும்.
கடற்காற்றில் சஹீலா ஒருமுறை
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்,
ஐம்பது யார்தான்.
திரும்பி வந்து, யாரும் கண்டதா என்றாள்.
மாசம் இரண்டு முறைக்கு மேல் காசு தாங்காது.

வைகாசியில் தண்ணிக் குழாய் தாட்க வந்தார்கள்.
ஒழுங்கையைப் பிளந்து மண்ணைக் குவித்து
இரு முனையிலும் தகரப் பீப்பாய் வைத்து மறித்தார்கள்.
களவு போகாமலிருக்க
இரவெல்லாம் வயர் இழுத்து பல்ப் எரித்தார்கள்.
ஓட்டோ உள்ளே வராது.
பாட்டு பெரிய வீதியோடு நின்றுவிட்டது.
மோட்டார் சைக்கிள்கள் வேறிடம் போயின.
நாய்கள் மண்மேட்டில் ஏறி
அரசர்போலப் படுத்துக்கொண்டன.

முதலில் திட்டினோம்.
பிறகு பலகை போட்டுக் கானைக் கடந்தோம்,
சாப்பாட்டுப் பையோடு, பள்ளிப் பிள்ளைகளோடு.
நாலாம் நாள் இரவு சும்மா வெளியே வந்தேன்.
சஹீலா நின்றாள். றொசலின் நின்றாள்.
பத்து வருசமாகக் கண்டிராத
மூலைவீட்டு ஆசிரியையும்
பிடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தா.
போனோம், திரும்பினோம்,
போனோம்.
பெடியள் வந்து பந்தடித்தார்கள்,
அப்போதுதான் தெரிந்தது
அவர்களுக்கும் போக ஓரிடமில்லை என்பது.

ஆறு கிழமை.
பிறகு மூடித் தார் போட்டார்கள், கண்ணாடி மாதிரி.
பல்புகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
இப்போது மோட்டார் சைக்கிள்
முன்னையிலும் வேகம்.
பாண்காரனும் கொஞ்சம் வேளைக்கே வருகிறான்.

கிளினிக்கில் தராசு
எழுபத்தாறரை காட்டியது.
‘கெட்டிக்காரி, மனக்கட்டுப்பாடு வந்திட்டுது’ என்றார்.
‘ஒழுங்கையில குழாய் தாட்டவை, டொக்டர்.’
அவர் நிமிரவில்லை.
நீல மையால் எழுதினார்:
தொடரவும்.